பரோலில் வந்த பிள்ளை

சபர் என்னும் சொல்லைக் கேளாது வளர்ந்த பிள்ளை நம் கடற்கரை ஊர்களில் இல்லை. வீட்டுக்கொரு சபராளி இருந்த காலம் ஒன்று உண்டு. கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்பதைக் காற்றும் கப்பலும் கடைக் கணக்கும் முடிவு செய்தன. வீட்டிலிருந்த பெண்கள் அதனை அறிந்திருந்தார்கள், அறிந்தே காத்திருந்தார்கள். இன்றோ அமெரிக்காவில் விமானம் ஏறுபவர் இரண்டாம் நாள் தம் வீட்டு வாசலில் வந்து நின்றுவிடலாம். அவ்வாறிருந்தும், 'ஒருமுறை வந்து போ' என்று உம்மா அழைக்கும்போது, 'இப்போது வர இயலாது' என்று மகன் விடை சொல்லும் வீடுகள் நம்மிடையே பல உள. விடுப்புக் கிடைக்கவில்லை போலும் என்று அண்டை வீட்டார் கருதுவர். சம்பாத்தியம் பெற்றோரைவிடப் பெரிதாகிவிட்டது என்று உறவினர் பேசிக்கொள்வர். உண்மைக் காரணம் பல வேளைகளில் ஒரு தாளாகவே இருக்கும். அந்தத் தாளின் கதையை ஈண்டு எழுத முற்படுகின்றோம். நமக்கு நேர்ந்ததைச் சொன்னால் வேறொரு வீட்டுக்கு அது பயன்படக்கூடும் என்பதன்றி, இதனை எழுதுவதில் நமக்கு வேறு நோக்கம் இல்லை.

நாம் காயல்பட்டினத்தைச் சேர்ந்தவர்கள். கணிப்பொறிப் பணியின் பொருட்டு 2009ஆம் ஆண்டில் ஹெச்-1பி விசா பெற்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திற்குச் சென்றோம். அடுத்த ஆண்டு நம் துணைவியாரும் கைக்குழந்தையாயிருந்த மகனும் வந்து சேர்ந்தனர். மகள் அங்கேயே பிறந்தாள். அந்நாட்டுச் சட்டப்படி அவள் பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகள். ஆக, ஒரே கூரையின் கீழ் வாழும் நால்வரில் மூவர் காத்திருப்போர். ஒருத்தி மட்டும் அவ்வீட்டின் உண்மையான உரிமைக்காரி. அவளுக்கு இது விளங்கத் தொடங்கிய வயதில், "நாம் ஊருக்குப் போனால் என்னை மட்டும்தான் திரும்ப விடுவார்களா?" என்று கேட்டாள். அதற்கு நாம் சிரித்து மழுப்பினோம்.

'கிரீன் கார்டு' என்று ஊரில் சொல்லப்படுவதைப் பலர் குடியுரிமை என்று எண்ணுகின்றனர். அது குடியுரிமையன்று, நிரந்தரமாக வசிக்கும் உரிமையே. அதனை உடையவர் அந்நாட்டில் தம் விருப்பம்போல் பணி செய்யலாம். வெளிநாடு சென்று திரும்பலாம். பணியின் அடிப்படையில் அதனைப் பெறுவோர்க்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,40,000 இடங்களை 1990ஆம் ஆண்டின் சட்டம் ஒதுக்கியது. விண்ணப்பிப்பவர் மட்டுமன்றி, அவருடைய மனைவியும் மக்களும் இந்த எண்ணிக்கைக்குள்ளேயே அடங்குவர். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்க்கும் நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் போகலாகாது என்பது பொது விதி. சின்னஞ்சிறு தீவுக்கும் அதே ஏழு; இந்தியாவுக்கும் அதே ஏழு. அதனால்தான் இந்தியாவில் பிறந்தோரின் வரிசை ஆண்டுக்கணக்கில் நீண்டு கிடக்கிறது. நம் வரிசை நாள் 2014ஆம் ஆண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது.

2020ஆம் ஆண்டில் உலகமே நோயால் முடங்கிக் கிடந்தபோது இவ்வரிசையில் எதிர்பாராத ஓர் அசைவு ஏற்பட்டது. தூதரகங்கள் மூடப்பட்டமையால் குடும்பப் பிரிவில் வழங்கப்படாது எஞ்சிய இடங்கள், சட்டப்படி அடுத்த ஆண்டின் பணிப் பிரிவுக்கு வந்து சேர்ந்தன. 1,40,000 என்றிருந்த இடங்கள் அவ்வோராண்டில் 2,60,000க்கும் மேலாயின. அவ்வாண்டு அக்டோபர் மாத விசா அறிக்கையில், மூன்றாம் பிரிவில் 2015 ஜனவரிக்கு முன் வரிசையில் நின்ற இந்தியர்கள் தம் இறுதி விண்ணப்பத்தை அளிக்கலாம் என்று கண்டிருந்தது. நம் வீட்டில் அன்று பெருநாள் போலிருந்தது. மருத்துவச் சோதனை, பிறப்புச் சான்று, நிழற்படம் என்று அலைந்து அந்த மாதத்திற்குள்ளேயே விண்ணப்பித்துவிட்டோம். வாப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "இனி நினைத்தபோது வரலாம் அல்லவா?" என்று கேட்டார்கள். "ஆம்" என்றோம். அந்த 'ஆம்' எத்துணை அவசரமானது என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

விண்ணப்பம் அளித்தவர் அட்டையைப் பெற்றவர் ஆகார். விண்ணப்பம் நிலுவையில் இருக்கையில், முன் அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறுபவர் அவ்விண்ணப்பத்தைத் தாமே கைவிட்டதாகச் சட்டம் கொள்கிறது. ஹெச்-1பி, எல்-1 போன்ற சில விசாக்களில் உள்ளோர்க்கு இதில் விலக்கு உண்டு. அவர்கள் அந்நிலையை இழக்காது, செல்லத்தக்க விசாவுடன் அதே பணிக்குத் திரும்பினால் தடையில்லை. ஏனையோர் புறப்படுமுன் ஒரு தாளைக் கையில் பெற்றிருத்தல் வேண்டும். அதற்கு மனுச் செய்திருந்தால் போதாது. மனு ஏற்கப்பட்டு, தாள் கைக்கு வந்த பின்னரே விமானம் ஏறலாம். திரும்பி வந்து இறங்கும் நாளிலும் அத்தாளின் தவணை முடியாதிருத்தல் வேண்டும்.

நமக்கு 2021ஆம் ஆண்டில் அந்த அனுமதி, பணி அனுமதியோடு சேர்ந்த ஒரே அட்டையாக வந்தது. அதனை நம்பி அடுத்த ஆண்டு வேறு பணிக்கு மாறினோம். ஹெச்-1பி நிலை அத்துடன் முடிந்தது. விண்ணப்பமும் அந்த அட்டையுமே அதன்பின் நம் பிடிமானம். பணி அனுமதியின் தவணை நெருங்கியபோது அதனைப் புதுப்பித்தோம். அஃதின்றேல் சம்பளம் நின்றுவிடும் அல்லவா? பயண அனுமதியைப் புதுப்பிக்க வேறு படிவம். 'இப்போது பயணம் ஏதும் இல்லையே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று அதனை மேசை இழுப்பறையில் வைத்தோம். நம் காலத்தில் விண்ணப்பித்தவர்க்கு அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. 2024 ஏப்ரலுக்குப் பின் விண்ணப்பித்தோர்க்கே தனிக் கட்டணம் வந்தது. பணத்தையும் காரணம் காட்ட வழியில்லை. நம் சோம்பலே காரணம். அந்த அனுமதியின் தவணை முடிந்துபோயிற்று. அதனை ஊருக்கு நாம் சொல்லவில்லை. சொன்னால் உம்மா வருந்துவார்கள் என்று நமக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டோம்.

2023ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு லாத்தாவிடமிருந்து அழைப்பு வந்தது. வாப்பா மயங்கி விழுந்துவிட்டார்கள், திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம் என்றார். அழுகைக்கிடையே, "இது இரண்டாவது தடவை" என்ற சொல்லும் வந்தது. முதல் தடவை எப்போது என்று கேட்டோம். விடை இல்லை. மச்சான் தொலைபேசியை வாங்கி, "அதையெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். வர முடியுமா பாருங்கள்" என்றார்.

புதன்கிழமை காலையில் வழக்கறிஞரை அழைத்தோம். அவர் சொன்னது சுருக்கமானது: தாளின்றிப் புறப்பட்டால் விண்ணப்பம் போயிற்று. மனைவி, மகன் ஆகியோரின் விண்ணப்பங்களும் நம் விண்ணப்பத்தைச் சார்ந்தவை. அவையும் உடன் விழும். வரிசை நாள் எஞ்சலாம். ஆனால் மீண்டும் விண்ணப்பிக்கும் வாய்ப்பு எப்போது வரும் என்று எவரும் சொல்ல இயலாது. மகன் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். அவசர நிலையில் உள்ளோர்க்கு உள்ளூர்க் குடியேற்ற அலுவலகத்தில் நேரிலேயே அனுமதி தரும் வழி ஒன்று உண்டு. மருத்துவரின் சான்றும் படிவமும் நிழற்படங்களும் கொண்டு செல்ல வேண்டும். முன்கூட்டியே தொலைபேசியில் நேரம் பெற வேண்டும். நேரம் கேட்டோம். திங்கட்கிழமை காலையில் கிடைத்தது.

அன்றிரவு நம் துணைவியார் பயணப் பையை எடுத்து வைத்தார்கள். "கார்டு போனால் போகட்டும். வாப்பாவைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஊரிலும் பிழைக்கலாம்" என்றார்கள். நாம் மகனின் அறைவாசலில் நின்றோம். அவன் உறங்கிக்கொண்டிருந்தான். நான்கு நாள்தானே, திங்கட்கிழமை தாள் கிடைத்துவிடும், செவ்வாயன்று புறப்பட்டால் வியாழக்கிழமை போய்ச் சேரலாம், அதுவரை வாப்பா இருப்பார்கள் என்று கணக்கிட்டோம். பையை மீண்டும் அலமாரியில் வைத்தோம். அந்தக் கணக்கைப் போட்டது சட்டமன்று, நாமே போட்டோம்.

சனிக்கிழமை சுபுஹு நேரத்தில் வாப்பா காலமானார்கள். நியூ ஜெர்சியில் அப்போது வெள்ளிக்கிழமை மாலை. புதனன்று புறப்பட்டிருந்தால் வெள்ளிக்கிழமை பகலுக்குள் அவர்களின் படுக்கையருகே இருந்திருப்போம். இதனை எத்தனையோ முறை கணக்கிட்டுப் பார்த்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் அதே விடைதான் வருகிறது.

மையத்தை நெடுநேரம் வைத்திருப்பது நம் வழக்கமன்று. பிள்ளை வரட்டும் என்று காத்திருக்குமாறு கேட்க நமக்கு வாயும் எழவில்லை. எப்போது வருவோம் என்று சொல்ல நாளும் இல்லை. அன்று அஸருக்குப் பின் நல்லடக்கம் ஆயிற்று. மச்சான் கைப்பேசியில் காட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம், பேச்சை மட்டும் துண்டிக்காதீர்கள் என்றோம். விடியற்காலை இருட்டில் சமையலறையில் அமர்ந்து, கடலுக்கு அப்பால் மண் விழும் ஓசையைக் கேட்டோம். நாமும் போட வேண்டிய மூன்று பிடி மண் அது.

திங்கட்கிழமை குறித்த நேரத்தில் அலுவலகத்திற்குப் போனோம். மருத்துவரின் சான்றில் நோயாளி கவலைக்கிடம் என்றிருந்தது. நோயாளி இனி இல்லை என்பதைச் சொல்லி, இறப்புச் சான்றின் நகலையும் நீட்டினோம். கண்ணாடிக்கு அப்பாலிருந்த அலுவலர், அடக்கம் முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடிந்துவிட்டது, தாயார் இருக்கிறார்கள், நாம் ஒரே மகன் என்றோம். அவர் மேலும் ஒன்றும் கேளாது உள்ளே சென்றார். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தாளுடன் வந்தார். நம் நிழற்படம் ஒட்டி முத்திரையிட்ட அத்தாள் இரண்டு மாத காலத்துக்குச் செல்லும். தந்தையை இழந்தமைக்குத் தம் வருத்தத்தையும் அவர் தெரிவித்தார். அந்த மனிதர்மேல் நமக்கு எந்தக் குறையும் இல்லை. அதே படிவம் ஆறு மாதம் முன்னதாக நம் இழுப்பறையிலிருந்து வெளியே வந்திருந்தால் அவரைத் தேடிச் செல்லும் தேவையே நேர்ந்திராது.

சென்னையில் இறங்கி, அங்கிருந்து தூத்துக்குடிக்கு வேறு விமானம் ஏறி, வியாழக்கிழமை வீட்டை அடைந்தோம். முதலில் மையவாடிக்குச் சென்றோம். மண் இன்னும் ஈரமாக இருந்தது. பிறகே வீட்டுக்குள் நுழைந்தோம். உம்மா இத்தாவில் உள்ளறையில் இருந்தார்கள். நம் தலையைத் தடவினார்கள், ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் மாமா வந்தார்கள். நீதிமன்றத்தில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். எந்தத் தாளைக் கண்டாலும் முதல் எழுத்திலிருந்து கடைசி முத்திரை வரை படிக்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. கடவுச்சீட்டுக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்கள். ஓரிடத்தில் விரல் நின்றது. கூடத்தில் இருந்தவர்கள் கேளாவண்ணம் நம் காதருகே குனிந்து, "மருமகனே, மறைக்காமல் சொல். அங்கே ஏதும் வழக்கில் மாட்டிக்கொண்டாயா? பரோல் என்று போட்டிருக்கிறதே" என்றார்கள்.

வாசகர்கள் மாமாவைக் குறை சொல்ல இயலாது. பரோல் என்றால் நம் நாட்டில் சிறையில் இருப்பவன் தாய் தந்தையரின் இறுதிக் காரியத்துக்காகச் சில நாள் வெளியே வருவதுதான். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்திலும் அதே சொல்லே ஆளப்படுகிறது. முன்கூட்டி வழங்கப்படும் பரோல் என்பதே அத்தாளின் பெயர். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு 'வாக்கு' என்று பொருள். திரும்பி வருவேன் என்று கைதி கொடுக்கும் வாக்கின்பேரில் அவனை வெளியே விடுவதால் அப்பெயர் வந்தது. குடியேற்றச் சட்டத்தில் அச்சொல் சற்றுத் திரும்பி நிற்கிறது. சிறையிலிருந்து வெளியே விடுவதன்று. முறைப்படி அனுமதிக்கப்படாதவரை நாட்டுக்குள் வர விடுவது. பரோலில் நுழைபவர் மண்ணில் நடமாடலாம். ஆனால் சட்டத்தின் கணக்கில் அவர் இன்னும் வாசற்படியில் நிற்பவரே.

இவற்றை மாமாவுக்கு விளக்கினோம். அவர்கள் நெடுநேரம் தாளையே பார்த்திருந்துவிட்டு, "எப்படிப் பார்த்தாலும் தகப்பன் மையத்துக்குப் பிறகு வந்த பரோல்தானே" என்றார்கள். கடிந்து சொல்லவில்லை, நீதிமன்றத்தில் பல பரோல் மனுக்களை எழுதியவரின் குரலில் சொன்னார்கள். அதனால் அது மேலும் சுட்டது.

அன்றிரவு உம்மாவிடம், முதல் தடவை வாப்பா விழுந்தது எப்போது என்று கேட்டோம். முந்தைய ஆண்டு ஆகஸ்டில் என்றார்கள். ஆறு மாதம்! வலக் கை சற்றே தளர்ந்ததையும், அதனாலேயே அவர்கள் நம்முடன் முகம் பார்த்துப் பேசும் அழைப்பைத் தவிர்த்து வெறும் குரலில் பேசியதையும் அப்போதுதான் அறிந்தோம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம்.

"சொன்னால் நீ ஓடி வந்துவிடுவாய் வாப்பா. கார்டு போய்விடும் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டாம் என்றார்கள்" என்றார்கள் உம்மா.

அப்போது நம் பங்கையும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. தாள் காலாவதியானதை நாமும் மறைத்தோம் என்றோம். ஆகஸ்டில் அவர்கள் சொல்லியிருந்தால், அன்றே படிவத்தை அனுப்பியிருப்போம்; அவசரம் என்று காரணம் காட்டியிருப்போம்; பிப்ரவரிக்குள் தாள் கையில் இருந்திருக்கலாம். நாம் சொல்லியிருந்தால், இவனிடம் தாள் இல்லை, இப்போதே எழுதிப் போடச் சொல்ல வேண்டும் என்று அவர்களே துரிதப்படுத்தியிருப்பார்கள். நம் நன்மைக்காக அவர்கள் மறைத்தார்கள். அவர்கள் மனம் வருந்தாதிருக்க நாம் மறைத்தோம். இரண்டு மறைப்புகளுக்கும் நடுவில் வாப்பாவின் ஆறு மாதம் போய்விட்டது.

உம்மா சற்று நேரம் கழித்து, நாம் அதுவரை கேட்டறியாத ஒன்றைச் சொன்னார்கள். உம்மாவின் வாப்பா கொழும்பில் புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்தவர்கள். இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே அங்குக் குடியுரிமைச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் இயற்றப்பட்டன. அதுவரை அக்கரைக்கும் இக்கரைக்கும் தெருவுக்குத் தெரு போவதுபோல் போய்வந்த நம் வணிகர்கள், அதன்பின் தற்காலிக வதிவிட அனுமதி பெற்றுத் தங்க வேண்டியவர்கள் ஆயினர். 1962ஆம் ஆண்டில் அந்த அனுமதியைப் புதுப்பிப்பதற்காக அவர்கள் கொழும்பில் காத்திருந்தபோது, இங்கே உம்மாவின் தம்பி, ஆறு வயதுப் பிள்ளை, காய்ச்சலில் மௌத்தாயிற்று. செய்தி தெரிந்தால் அனுமதியை விட்டுவிட்டுக் கப்பலேறி வந்துவிடுவார்கள், பிறகு கடை போய்விடும் என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்து, அவர்களுக்கு எழுதவில்லை.

"மூன்று மாதம் கழித்து, தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடி வழியாக வந்தார்கள். கையில் பிஸ்கட் டின். வாசலில் நின்று முதலில் தம்பி பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. எனக்குப் பதினோரு வயது. நான்தான் போய்ச் சொன்னேன்" என்றார்கள் உம்மா. பிறகு, "அதைப் பார்த்தவள் நான். அப்படி இருந்தும் உனக்கும் அதையே செய்துவிட்டேன்" என்று கூறி முகத்தை மூடிக்கொண்டார்கள்.

உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். கொழும்பு அனுமதிக்கும் அமெரிக்க அட்டைக்கும் அறுபது ஆண்டு இடைவெளி உண்டு. நாடு வேறு, சட்டம் வேறு. வீடுகள் செய்த காரியம் மட்டும் ஒன்றே. தாளுக்கு ஊறு வராதிருக்க, மனிதரிடம் உண்மையை மறைத்தன.

ஒரு மாதம் உம்மாவுடன் இருந்துவிட்டுத் திரும்பினோம். நியூ யார்க் விமான நிலையத்தில், கடவுச்சீட்டையும் தாளையும் வாங்கிப் பார்த்த அதிகாரி நம்மை ஒரு பக்க அறைக்கு அனுப்பினார். பரோலில் வருவோர் பெரும்பாலும் அங்கே செல்ல வேண்டும். பல நாட்டவர் அமர்ந்திருந்தனர். கைப்பேசியைப் பயன்படுத்தலாகாது என்று சுவரில் எழுதியிருந்தது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குப் பின் பெயரைச் சொல்லி அழைத்து, முத்திரையிட்டுக் கொடுத்தனர். பதினான்கு ஆண்டுகள் வரி கட்டி வாழ்ந்த ஊருக்குள் அன்று வாசற்படியில் நிற்பவராக நுழைந்தோம். நம் மனம் அதில் பெரிதாக வருந்தவில்லை. நிற்க வேண்டிய வேறொரு வாசலில் நில்லாது போனோமே என்பதுதான் வழியெல்லாம் உடன் வந்தது.

பிள்ளைகளை அந்நாட்டில் வைத்திருக்கும் குடும்பத்தார் சிலவற்றை அறிந்துகொள்வது நலம். காத்திருப்போர் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை. இந்தியாவிலுள்ள தூதரகத்தில் குடியேற்ற விசா பெற்று அந்நாட்டில் இறங்குபவர் இறங்கிய அன்றே நிரந்தர வதிவுரிமை பெற்றவராகிறார். அட்டை அஞ்சலில் வருவதற்குச் சில காலம் ஆனாலும், கடவுச்சீட்டில் முத்திரையிடப்பட்ட அவ்விசாவே ஓராண்டுக் காலம் அட்டைக்கு ஈடான சான்றாக நிற்கும். அவர் போய்வரத் தடையில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டு, அட்டை மட்டும் கைக்கு வராதவரும் அலுவலகத்தில் தற்காலிகச் சான்று பெறலாம். நம்மைப்போல் அங்கிருந்தவாறே விண்ணப்பித்து முடிவு வராதிருப்போரே பயண அனுமதி இன்றி அசையலாகாதவர்கள். உங்கள் பிள்ளை இம்மூவருள் எவர் என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள். தாள் இருக்கிறதா, எந்த நாள் வரை செல்லும் என்பதையும் கேளுங்கள். சட்டமும் கட்டணமும் காலத்துக்குக் காலம் மாறுவதால், புறப்படுமுன் தேர்ந்த வழக்கறிஞர் ஒருவரின் சொல்லைக் கேட்பது கட்டாயம்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வோம். பயணம் குறித்த பின் அனுமதி கேட்பது தாகம் எடுத்த பின் கிணறு வெட்டுவதாகும். போவதாக இல்லாவிடினும் தாள் இருக்கட்டும். பணி அனுமதியைப் புதுப்பிக்கும் அதே நாளில் பயண அனுமதியையும் புதுப்பியுங்கள். ஒன்று உங்கள் சோற்றுக்கு. மற்றது உங்களைப் பெற்றவர்களுக்கு.

நம் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் உம்மாவுடன் பேசும்போது, அவர்கள் தம் சர்க்கரை அளவையும் இரத்த அழுத்தத்தையும் உள்ளபடி சொல்வார்கள். அளவு கூடிய வாரத்திலும் மறைப்பதில்லை. நாம் நம் தாளின் நிலையைச் சொல்வோம். மனு அனுப்பியாயிற்று என்றால் அனுப்பியாயிற்று. வரவில்லை என்றால் வரவில்லை. முதலில் இது இருவருக்கும் கடினமாயிருந்தது. கேட்பவர் கவலைப்படுவாரே என்று நா தயங்கும். இப்போது பழகிவிட்டது.

2024ஆம் ஆண்டின் இறுதியில், மூவருக்கும் புதுப்பித்த தாள்களோடு, நால்வருமாகக் காயல்பட்டினம் சென்றோம். மகனை அழைத்துக்கொண்டு வாப்பாவின் கபுருக்குப் போய் ஸலாம் சொன்னோம். அவனுக்காகத்தான் அன்று பையைத் திரும்ப வைத்தோம் என்பதை அவனிடம் இதுவரை சொன்னதில்லை, சொல்லப்போவதும் இல்லை. அது அவன் சுமக்க வேண்டிய சுமையன்று. வீட்டுக்கு வந்தபோது உம்மா கூடத்தில் தொங்கும் நாட்காட்டியின் அட்டையில் பேனாவால் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்கள். அருகே சென்று பார்த்தோம். நம் மூவரின் தாள்களும் காலாவதியாகும் நாள்களை எழுதி, அவற்றுக்கு ஆறு மாதம் முன்னதாக ஒரு நாளையும் குறித்து வைத்திருந்தார்கள்.

அட்டை இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும். காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுக்காகக் காத்திருக்கும் பெற்றோருக்கும் இடையே மறைப்பு எதுவும் இல்லாதிருக்க வல்ல இறைவன் அருள்வானாக.